பதினோரு கையெழுத்து

குடையை மடக்கித்தான் வந்தாள். ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உடம்பிலிருந்து தள்ளி, நுனியில் பிடித்துக்கொண்டு நின்றாள். சொட்டிய தண்ணீர் என் அறையின் சிவப்புத் தரையில் சிறு குளமாகத் தேங்கியது. கதவுக்குப் பின்னால் குடை வைக்க ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"மிஸ், எனக்கு டி.சி. வேணும்."

மாற்றுச் சான்றிதழைத்தான் கேட்டாள். அதை வாங்கிவிட்டால் கல்லூரிக்கும் அவளுக்கும் ஒன்றும் இல்லை. வகுப்புகள் தொடங்கிப் பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. புதன்கிழமை, மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகல்.

பெயர் ஜெனிஷா. தாவரவியல் முதலாண்டு. பொன்முடி எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வந்தவள். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். அவளைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தெரிந்தது போதும் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்?" என்றேன்.

"வீட்டுக்குப் போகணும் மிஸ்."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா? சீனியர்ஸ்?"

"இல்ல மிஸ்."

"பாடம் கஷ்டமா?"

"இல்ல. புரியுது."

"வீட்டுல யாருக்காவது சுகமில்லையா?"

"எல்லாரும் சுகம்தான்."

"அப்புறம் ஏன்?"

"ஒண்ணும் இல்ல மிஸ். போகணும்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"ஞாயித்துக்கிழமை சொன்னேன். உன் இஷ்டம்னு சொல்லியாச்சு. அம்மாவோட சேர்ந்து நானும் எஸ்டேட் வேலைக்குப் பேர் கொடுக்கலாம்."

அந்த வாரம் அலுவலகத்தில் ஒரு கெடு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் டி.சி. வாங்கியவர்களின் இடங்கள் காலியிடப் பட்டியலில் ஏறும். திங்கள்கிழமை காலை அந்த இடங்களுக்கு வேறு பிள்ளைகளைச் சேர்த்துவிடுவார்கள். அதன்பின் மனம் மாறித் திரும்பி வந்தால், உட்கார நாற்காலி இருக்காது.

ஆக, கையில் இருந்தது இரண்டரை நாள்.

இருபத்திரண்டு குறிப்புகள்

செய்தித்தாள் வேலையை விட்டபின் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் இதழியல் சொல்லித்தரச் சேர்ந்ததைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அந்த வேலையோடு இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வோர் ஆசிரியருக்கும் முதலாண்டுப் பிள்ளைகள் சிலரைப் பிரித்துக் கொடுப்பார்கள். எந்தத் துறை என்ற கணக்கு கிடையாது. அவர்களுக்கு நாம் 'மென்டர்', வழிகாட்டி. என் பங்குக்குப் பத்தொன்பது பேர்.

இப்போதைய பட்டப்படிப்பு நாங்கள் படித்ததைப்போல் இல்லை. முதன்மைப் பாடத்துக்கு ஓர் அறை, துணைப் பாடத்துக்கு வேறோர் அறை, மொழிப் பாடத்துக்கு இன்னோர் அறை. மணி அடித்ததும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கட்டடம் கட்டடமாக நடக்கிறார்கள். ஒரே பெஞ்சு, பக்கத்தில் ஒரே தோழி என்பது இல்லை. பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கிடைத்திருக்கிறது. 'என் இடம்' என்று பையை வைத்துவிட்டுப் போக ஓரிடம் இல்லை.

இதை உத்தேசித்துத்தான் வகுப்பு தொடங்கும் முன்பே நான் ஒரு தாள் தயாரித்தேன். புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இருபத்திரண்டு குறிப்புகள். பஸ் சலுகை அட்டைக்கு எங்கே விண்ணப்பிப்பது, வருகைப் பதிவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, பாடம் மாற்ற யாரைப் பார்ப்பது. தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. எழுத்துப் பிழை பார்த்து, தேவையில்லாத சொற்களை வெட்டி, ஒரே பக்கத்தில் அடக்கினேன். முன்பக்கச் செய்திக்குக்கூட அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

சேர்க்கை நாட்களில் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து அதை விநியோகித்தேன். அந்த மூன்று நாட்களில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்.

"மிஸ்ஸே, டாய்லெட் எவிடயா?"

அந்த இருபத்திரண்டில் அது இல்லை.

ஜெனிஷாவிடம் அந்தப் புதன்கிழமை கேட்டேன். "நான் கொடுத்த பேப்பரைப் படிச்சியா?"

"படிச்சேன் மிஸ். இருபத்திரண்டு பாயின்ட். எங்க மலைக்கு ஏறுற ரோட்லயும் இருபத்திரண்டு வளைவு. அதனால நல்ல ஓர்மை இருக்கு."

அவள் கிண்டல் செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

அவளை அனுப்பிவிட்டு என் குறிப்பேட்டைப் புரட்டினேன். பத்தொன்பது பெயர்களுக்கும் கட்டம் போட்டு வைத்திருந்தேன். அவள் பெயருக்கு நேரே என் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'பொன்முடி. வருகை முழுமை. பிரச்சினை இல்லை.'

எங்கள் வாட்ஸ்அப் குழுவையும் பார்த்தேன். நான் போட்ட ஒவ்வொரு செய்திக்கும் முதல் கட்டைவிரல் அவளுடையது.

தொலைபேசிச் சுற்று

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன்.

நான் நிருபராகச் சேர்ந்த புதிதில் தினமும் மாலை ஒரு வேலை உண்டு. மாவட்டத்தின் காவல் நிலையங்களை வரிசையாகத் தொலைபேசியில் அழைத்து, "சார், ஏதாவது இருக்கா?" என்று கேட்க வேண்டும். 'ஒண்ணும் இல்லம்மா' என்றால் பட்டியலில் ஒரு கோடு. ஏதாவது இருந்தால் ஒரு டிக். ஏழு மணிக்குள் பட்டியலைத் தலைமை உதவி ஆசிரியரின் மேசையில் வைத்தாக வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் மலையடிவாரத்து நிலையம் ஒன்று இரண்டு நாளாகப் பதில் சொல்லவில்லை. மணி போகும், யாரும் எடுக்க மாட்டார்கள். அங்கே எப்போதும் ஒன்றும் இருக்காது என்பது என் அனுபவம். நான் கோடு போட்டேன். மறுநாளும் கோடு.

மூன்றாம் நாள் காலை போட்டிப் பத்திரிகையில் அந்த ஊர் முதல் பக்கத்தில் இருந்தது. மண் சரிந்து சாலையும் தொலைபேசிக் கம்பியும் போயிருந்தன. இரண்டு நாளாக ஊர் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. பதில் வராததுதான் செய்தி. நான் அதற்குக் கோடு போட்டிருந்தேன்.

தலைமை உதவி ஆசிரியர் திட்டவில்லை. அந்த இரண்டு பட்டியல்களையும் எடுத்துவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அது எனக்கு மறக்காது என்று நினைத்திருந்தேன். மறந்திருக்கிறது.

பன்னிரண்டு கட்டங்கள்

டி.சி. கேட்டால் உடனே கிடைத்துவிடாது. அதற்கு முன் ஒரு படிவம் இருக்கிறது. நூலகம், ஆய்வகம், விளையாட்டுத் துறை, கணினி மையம், என்.சி.சி., கூட்டுறவுக் கடை, விடுதி என்று பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் மாணவியே நேரில் போய், 'இவளிடமிருந்து எங்களுக்கு வர வேண்டியது எதுவும் இல்லை' என்று கையெழுத்து வாங்க வேண்டும். முதல் கட்டம் மென்டருடையது. கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தப் படிவத்தைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. அலுவலகத்தில் அந்தப் பிரிவைப் பார்க்கும் ஷீஜாவிடம் போனேன். மழையில் நனைந்த கோப்புகளை மின்விசிறிக்கு அடியில் விரித்துவைத்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பதினெட்டு நாள் படிச்ச பொண்ணு. என்.சி.சி.-யில சேரவே இல்ல. ஹாஸ்டல் வாசலைக்கூடப் பார்க்கல. அந்த ரெண்டு கட்டத்துலயும் 'பொருந்தாது'ன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேனே?"

"டீச்சரே, அது பற்றில்லா, முடியாது." ஷீஜா தலையை ஆட்டினார். அவருடைய மலையாளத்தில் எனக்காகக் கொஞ்சம் தமிழ் கலக்கும். "பதினெட்டு நாளானாலும் மூணு வருஷமானாலும் ஃபாரம் ஒண்ணுதான். பாக்ஸ் பன்னெண்டு. ஒப்பும் பன்னெண்டு."

ஒப்பு என்றால் அங்கே கையெழுத்து.

"போற பொண்ணை மழையில அலைய விடணுமா?"

"வந்தப்போ அலைஞ்சுதானே சேர்ந்தா? போறப்பவும் அலையட்டும்."

என் அறைக்குத் திரும்பும்போது மனதுக்குள் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டே நடந்தேன். அலுவலக நடைமுறைகளின் மனிதமின்மை பற்றி. தலைப்புகூட வைத்துவிட்டேன். நல்ல வேளையாக அதை எழுதவில்லை.

மதியம் ஜெனிஷா மறுபடி வந்து படிவத்தை வாங்கிக்கொண்டாள். "ஹாஸ்டலையும் என்.சி.சி.-யையும் நான் எழுதித் தரலாம்னு பார்த்தேன், விடமாட்டேங்கிறாங்க" என்றேன். "சாரமில்ல மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பரவாயில்லை என்பதற்கு அவள் சொல்.

கார்டு இல்லாமல் கையெழுத்து இல்லை

அடுத்த இரண்டு நாளும் நான் அவளோடு போகவில்லை. கீழே எழுதுவது அவளிடமும் இன்னும் இரண்டு பேரிடமும் பிறகு கேட்டுச் சரிபார்த்தது.

முதலில் நூலகம். நூலகர் ரமணி. நகரத்தின் கோட்டைக்குள் இருக்கும் பழைய அக்ரகாரத் தெருக்களில் ஒன்றில் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவர். மாணவர்கள் எல்லோருக்கும் மாமி.

"கார்டு எங்கே?" என்றார் மாமி.

"கார்டு எடுக்கலை."

"எடுக்கலையா! பின்னே நான் என்னத்தைன்னு கையெழுத்துப் போடறது? இவ புஸ்தகத்தையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டான்னு நான் எழுதணும். கார்டு நம்பர் இல்லாம கம்ப்யூட்டர் அதை ஒத்துக்காதுடி கொழந்தே. மொதல்ல கார்டு போட்டுக்கோ."

"போறதுக்கா கார்டு?"

"போறதுக்குத்தான்."

போட்டோ ஒட்டி, எண் போட்டு, கார்டு தயாராக அரை மணி ஆனது. அதை ரத்துசெய்யப் போனபோது கணினி மறுத்தது. புதிதாகத் தந்த கார்டை அன்றே ரத்துசெய்ய முடியாது. குறைந்தது ஒரு நாளாவது ஆக வேண்டும்.

"பாத்தியோ. வெள்ளிக்கிழமை காத்தால வா, கேன்சல் பண்ணித் தரேன்." மாமி கார்டை அவள் பக்கம் தள்ளினார். "அதுவரைக்கும் இது சும்மாதானே கெடக்கும். வேணும்னா ஒரு புஸ்தகம் எடுத்துண்டு போ."

அவள் எடுத்தாள். மலைக்காடுகளின் பெரணிகளைப் பற்றிய, வண்ணப் படங்கள் போட்ட, கனமான புத்தகம். ஏன் அதை எடுத்தாய் என்று பிறகு கேட்டேன். "தடிமனா இருந்துச்சு மிஸ். சாயங்காலம் நேரம் போகும்" என்றாள். சாயங்காலத்தில் அப்படி என்ன நேரம் போகாமல் நிற்கிறது என்று நான் அப்போதும் கேட்கவில்லை.

தாவரவியல் ஆய்வக உதவியாளர் உடைந்த கண்ணாடிப் பொருட்களின் பதிவேட்டை மூன்று முறை புரட்டினார். அவள் பெயரைக் காணவில்லை. "மூணு வாரமா ஒண்ணையும் உடைக்காத ஒரே ஆளு. அந்த ஆளும் போறியா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். விளையாட்டுத் துறையில் தலையைத் தூக்காமல் போட்டுத் தந்தார்கள். கணினி மையம் என்று ஓர் இடம் இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கூட்டுறவுக் கடையில் அவள் முதல் வாரம் பதிவு செய்திருந்த ரெக்கார்டு நோட்டு வந்து காத்திருந்தது.

ஒவ்வோர் இடத்திலும் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. எந்த ஊர் என்று கேட்டார்கள். பொன்முடி என்றால் எல்லோருக்கும் ஏதோ ஒன்று சொல்ல இருந்தது. பனியில் வண்டி நின்ற கதை, டீ குடித்த கடை, மலையடிவாரத்துக் கல்லாற்றில் கால் வழுக்கிய கதை. பதினெட்டு நாளில் யாரும் அவள் ஊரைக் கேட்டதில்லை. நான் கேட்டிருந்தேன், குறிப்பேட்டில் எழுதுவதற்காக.

மேட்ரனின் நோட்டு

பெண்கள் விடுதி கல்லூரியின் பின்புறச் சரிவில் இருக்கிறது. கட்டில் ஒதுக்கீட்டை ஒட்டும் அறிவிப்புப் பலகை கேட்டுக்கு உள்ளே. விடுதியில் இல்லாதவர்கள் கேட்டைத் தாண்ட முடியாது. வியாழக்கிழமை பிற்பகல் ஜெனிஷா படிவத்தைக் காட்டித்தான் உள்ளே போனாள்.

மேட்ரன் லிசி சேச்சி முன்பு நாகர்கோவில் பக்கம் ஒரு மருத்துவமனை விடுதியில் இருந்தவர். அவர் பேசுவதில் பாதி தமிழ். படிவத்தை வாங்கிப் பெயரைப் படித்தார். பிறகு அவளைப் பார்த்தார். மறுபடி பெயரைப் படித்தார்.

"பொன்முடி ஜெனிஷா நீயா? எடீ, உன்னைத்தானே ஒம்பது நாளா நான் தேடுறேன்!"

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீல நோட்டை எடுத்து விரித்தார். சேர்க்கையன்று அவள் விடுதிக்கு விண்ணப்பித்திருந்தாள்; காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் மூன்றாவது. இரண்டாவது வாரம் மூன்று பேர் விடுதியை விட்டுப் போனதில் அவளுக்குக் கட்டில் ஒதுக்கப்பட்டிருந்தது. பெயருக்குக் கீழே மூன்று தேதிகள். மூன்றுக்கும் நேரே ஒரே குறிப்பு: 'பரிதிக்குப் புறத்து.' கூப்பிட்ட எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று அந்தப் பதிவுக்குரல் சொல்லுமே, அதுதான்.

"யார் நம்பர் இது?"

"அப்பா நம்பர்."

"எடுக்கவே மாட்டாரா?"

"லயத்துல ரேஞ்ச் இல்ல. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வளைவு வரைக்கும் நடந்து வந்து கூப்பிடுவார். அப்போதான் கிடைக்கும்."

"உன் கையில போன் இல்லையா?"

"இருக்கு. ஃபாரத்துல அப்பா நம்பர் எழுதச் சொன்னாங்க."

லிசி சேச்சி பேனாவை மூடிவைத்தார். பிறகு நான் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"இப்போ எவிட தாமசம்?"

"கழக்கூட்டத்துல. சித்தி வீட்டுல."

"அஞ்சு மணிக்கு இங்கேருந்து இறங்கினா, வீட்டுக்குள்ள எப்போ கேறும்?"

"எட்டு மணிக்கு."

"எட்டா? பஸ் அவ்வளவு நேரமா ஓடுது?"

பஸ் ஆறே காலுக்கே கழக்கூட்டம் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அந்த ஒற்றை அறை வீட்டுக்கு ஒரே சாவி. சித்திக்கு ஐ.டி. பார்க்கில் துப்புரவு வேலை, ஷிப்ட் முடிந்து வர எட்டாகும். சித்தப்பாவுக்குக் கட்டட வேலை, அவரும் அதற்குப் பிறகுதான். ஆறே கால் முதல் எட்டு வரை ஜெனிஷா நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பேக்கரிக்கு முன்னால் நிற்பாள். மழை என்றால் அதன் தகரக் கூரைக்குள். முதல் வாரம் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் வாரம் பேக்கரிக்காரர், யாரையாவது காத்து நிற்கிறாயா மோளே என்று அன்பாகவே கேட்டார். மறுநாள் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவனும் அதையே கேட்டான். அவன் கேட்டது அன்பாக இல்லை.

சித்தியிடம் சொன்னால் சித்தி வேலையை விட்டுவிடுவாள். அப்பாவிடம் சொன்னால் பயந்துவிடுவார். அதனால் 'ஒன்றும் இல்லை.'

லிசி சேச்சி படிவத்தை ஒரு கையிலும் நோட்டை மறு கையிலும் எடுத்துக்கொண்டார்.

"இங்கே பாரு. ஒப்பு வேணும்னாலும் நான்தான் தரணும், கட்டில் வேணும்னாலும் நான்தான் தரணும். ரெண்டும் தர முடியாது. நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் பிடிச்சு வைப்பேன். அதுக்கப்புறம் அடுத்த ஆளு."

"யோசிச்சுச் சொல்றேன் சேச்சி."

"யோசி. ஆனா கட்டிலைப் பாத்துட்டு யோசி."

வெள்ளிக்கிழமை, நான்கு மணி

வெள்ளிக்கிழமை மதியம் லிசி சேச்சி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "உங்க குட்டிதானே, டீச்சர்?" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுக்கொண்டே என் இருபத்திரண்டு குறிப்புகளை எடுத்தேன். ஆறாவது: 'தொடர்பு எண்ணாகப் பெற்றோரின் எண்ணையே கொடுக்கவும்.'

அது நான் யோசித்துச் சேர்த்தது. பிள்ளைகள் அடிக்கடி எண்ணை மாற்றுவார்கள், பெற்றோர் மாற்ற மாட்டார்கள் என்று. பன்னிரண்டு கட்டங்களில் விடுதிக்கானதை என் பேனாவால் அடைத்திருந்தால், என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாமலேயே அவள் மலை ஏறியிருப்பாள். நிருபர் வேலையில் ஏன் என்று கேட்கப் பழகியிருந்தேன். இவளிடம் இரண்டு முறை கேட்டேன். எங்கே என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மாலை ஆறரைக்கு நீ எங்கே இருக்கிறாய்? அவ்வளவுதான் கேட்டிருக்க வேண்டும்.

மூன்று நாற்பதுக்கு ஜெனிஷா வந்தாள். படிவத்தை மேசையில் வைத்தாள். எண்ணினேன். பதினொன்று. நூலகக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தது. காலையிலேயே புத்தகத்தைக் கொடுத்து, கார்டை ரத்துசெய்திருக்கிறாள். விடுதிக் கட்டம் மட்டும் காலி.

"லிசி சேச்சி போடலை மிஸ்."

"சொன்னாங்க."

"நீங்க எழுதித் தரலாம்னு பார்த்ததா புதன்கிழமை சொன்னீங்களே."

அவள் முகம் வழக்கம்போல் அமைதியாக இருந்தது. அவள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"நீ வேணும்னு சொன்னா ஷீஜாகிட்ட இன்னொரு தடவை சண்டை போடறேன்" என்றேன். "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். பெத்தவங்க நம்பரைக் கொடுக்கச் சொன்னது நான்தான்."

"தெரியும் மிஸ். ஆறாவது பாயின்ட்."

மன்னித்துக்கொள் என்றேன். அவள் கூச்சத்தோடு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"கட்டில் எங்கே?" என்று கேட்டேன்.

"பதினாலாம் நம்பர் ரூம். ஜன்னல் ஓரம். ஜன்னலுக்கு வெளியில ஒரு பலாமரம் நிக்குது. நேத்தும் பாத்தேன். இன்னைக்குக் காலையிலயும் ஒரு தடவை பாத்தேன்."

"உன் பை எங்கே?"

"லிசி சேச்சி மேசைக்குக் கீழே."

"எப்போ கொண்டுவந்தே?"

"காலையிலேயே. எப்படியும் சித்தி வீட்டுலேருந்து எடுக்கணும்தானே. பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் எடுக்கணும், ஹாஸ்டலுக்குப் போனாலும் எடுக்கணும். மழையில நனைய வேண்டாம்னு அங்கே வெச்சேன்."

மணி மூன்று ஐம்பது. அலுவலகம் என் அறையிலிருந்து இரண்டு நிமிட நடை. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு எதிரே இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அதுவரை அவள் என் அறையில் உட்கார்ந்ததில்லை.

நான் வற்புறுத்தவில்லை. என்ன சொல்லியிருந்தாலும் அது இருபத்துமூன்றாவது குறிப்பாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பெரணிப் புத்தகம் எப்படி என்று கேட்டேன். அதில் ஒரு படத்துக்கு வெள்ளிப் பெரணி என்று, நீளமான லத்தீன் பெயரோடு போட்டிருந்ததாம். அதன் இலையைக் கையில் வைத்து அடித்தால் வெள்ளையாக அச்சு விழும். "சின்னதுல நாங்க எல்லாரும் அடிச்சு விளையாடுவோம் மிஸ். அதுக்கு இவ்வளவு பெரிய பேர் இருக்கும்னு தெரியாது." இடது முன்னங்கையை நீட்டி, எங்கே அச்சு விழும் என்று காட்டினாள்.

நான்கு மணி அடித்தது. வராந்தாவில் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குக் கூட்டமாக நடந்து போனார்கள். சத்தம் அடங்கியதும் அவள் படிவத்தை மடித்து என் பக்கம் தள்ளினாள்.

"ஷீஜா மேடம் பூட்டியிருப்பாங்க" என்றாள்.

"பூட்டியிருப்பாங்க."

"அப்போ நான் லிசி சேச்சிகிட்ட போறேன். அஞ்சு மணி வரைக்கும்தான் பிடிச்சு வைப்பாங்க."

எழுந்தாள். கதவுக்குப் பின்னால் இருந்த வாளியிலிருந்து தன் குடையை எடுத்தாள். அது எப்போது அங்கே போனது என்று நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலை அவள் நூலகத்தில் போய் நின்றதை ரமணி மாமி ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "நேத்திக்குத்தாண்டி கேன்சல் பண்ணினேன், இன்னிக்குப் புதுசா வேணுங்கறியே!" திட்டிக்கொண்டே மறுபடி போட்டோ ஒட்டினார்.

இந்த ஜூன்

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். விடுதியில் முதல் வாரம் அவள் சாப்பிடவில்லை என்று லிசி சேச்சி இரண்டு முறை கூப்பிட்டார். முதல் செமஸ்டரில் வேதியியலில் தேர்ச்சி பெறவில்லை. ஓணத்துக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வர நான்கு நாள் தாமதித்தாள். அந்த நான்கு நாளும் நான் குறிப்பேட்டில் கோடு போடவில்லை, கேள்விக்குறி போட்டேன். ஐந்தாம் நாள் வந்தாள். மலைச் சாலையில் மரம் விழுந்து பஸ் ஓடவில்லையாம்.

பதினோரு கையெழுத்துகளோடு அந்தப் படிவம் என் இழுப்பறையில் இருக்கிறது. ஷீஜாவிடம் ஒருநாள் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்கம்ப்ளீட்" என்று திருப்பிக் கொடுத்தார்.

இந்த ஆண்டு சேர்க்கைக்கும் வாசலில் மேசை போட்டோம். நான் தயாரித்த தாளில் இப்போது ஒன்பது குறிப்புகள்தான். முதல் குறிப்பு கழிப்பறை. இரண்டாமாண்டு மாணவர்கள் உதவிக்கு உட்காரலாம் என்று குழுவில் கேட்டிருந்தேன். முதல் கட்டைவிரல் ஜெனிஷாவுடையது. இந்த முறை நான் தனியாகக் கூப்பிட்டு, உன்னால் உண்மையிலேயே வர முடியுமா என்று கேட்டுக்கொண்டேன்.

முதல் நாள் காலை ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். நனைந்த குடையை என்ன செய்வது என்று தெரியாமல் இருவரும் விழித்தார்கள். ஜெனிஷா எழுந்துபோய் வாங்கி வாளியில் வைத்தாள். படிவம் நிரப்பத் தொடங்கினார்கள். ஊர் கல்லாறு என்று எழுதினாள் அந்தப் பெண். தொடர்பு எண் என்ற இடத்தில் அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார்.

"கல்லாறா?" ஜெனிஷா குனிந்து பார்த்தாள். "அங்கே பாலத்து மேல நின்னாத்தானே மாமா ரேஞ்ச் கிடைக்கும்?"

அவர் சிரித்துவிட்டார். "ஆமாம்மா. வீட்டுக்குள்ள சுத்தமா கிடையாது."

"அப்போ உங்க நம்பரும் எழுதட்டும், அவ நம்பரும் எழுதட்டும். ரெண்டும்." அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "சாயங்காலம் எங்கே தங்குவே?"

அந்தப் பெண் பதில் சொன்னாள். ஜெனிஷா அதை ஓரத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு, அந்தப் பெண் தயங்கித் தயங்கி எதையோ கேட்க வாயைத் திறப்பதற்குள், வராந்தாவின் இடது கோடியைக் கைகாட்டினாள்.

"அந்தப் பக்கம். ரெண்டாவது கதவு."